ஒரு பிடி வெட்டுக்கிளி

"அந்தக் கூடையை யாரும் தொடாதீங்க! கிழவன் விஷம் வெச்சிருப்பான்!"

பாஸ்டர் கிடியன் போட்ட சத்தத்தில், சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் தூரிகையோடு திரும்பினார்கள். போன மாதம் வந்த கூட்டம் அதே சுவருக்குப் பச்சை அடித்துவிட்டுப் போயிருந்தது.

அநாதை இல்லத்தின் வாசலில் நின்றவர் முகாலுலா. வெள்ளை நீள அங்கி, அதன் மேல் கறுப்புக் கோட்டு, கையில் தடி. காலடியில் கூடை நிறைய வறுத்த வெட்டுக்கிளி. வெட்டுக்கிளிப் பருவமான நவம்பரில், மசாக்கா ஊரில் அதை வேண்டாம் என்பவர் அபூர்வம்.

"யாரு பாஸ்டர் இவர்?" என்றாள் ஹெய்டி. அந்த அமெரிக்கர்களோடு ஒரு நாள் சேவை செய்ய வந்தவள். காலையில் கிடியன் சொன்ன கதையைக் கேட்டு அழுத கண் இன்னும் சிவந்திருந்தது. ஏழு வயதில் கலவரத்தில் அப்பனைப் பறிகொடுத்து, தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாராம். அதனால்தான் இந்த இல்லத்தையே தொடங்கினாராம்.

"ஊர்ப் பைத்தியம்மா. வெள்ளைக்காரங்க வந்தா போதும், பிச்சைக்கு வந்து நிக்கும்."

பெரியவரின் முதுகு வளையவில்லை. "நான் பிச்சைக்கு வரல, மானத்துக்கு வந்திருக்கேன். இதுல ஒரு பிடி இவன் தின்னட்டும். தின்னுட்டான்னா போயிடறேன். சாகுறவரைக்கும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்."

"அப்போ முதல்ல நீங்க தின்னு காட்டுங்க," என்றாள் ஹெய்டி.

"நான் தொடமாட்டேன்."

"பாத்தீங்களா!" கிடியன் குதித்தார். "அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்! யோவ், நீயா போறியா, கழுத்தைப் பிடிச்சுத் தள்ளவா?"

சமையல்காரி நலோங்கோ கரண்டியும் கையுமாக வந்தாள். கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"விஷமா? உப்புதான் கொஞ்சம் தூக்கல். நான் வருஷா வருஷம் வறுத்து வெச்சாலும், வயித்துவலின்னு தட்டைத் தள்ளிடுறீங்க பாஸ்டர். இன்னிக்கு ஒரு பிடி தின்னுத் தொலைங்க. தொல்லை விட்டுதுன்னு அவரும் போகட்டும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடியன் ஒரு பிடி அள்ளினார். கை வாய்வரை போனது. உதடு திறக்கவில்லை. பிடியை விட்டார்; வெட்டுக்கிளிகள் மண்ணில் சிதறின.

நலோங்கோ மெல்லுவதை நிறுத்தினாள். பெரியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டென்று அவர் முன் மண்டியிட்டாள். "ஐயா, நீங்க வெட்டுக்கிளிக் குலமா?"

"ஆமா."

"அப்படின்னா என்ன?" என்றாள் ஹெய்டி.

"இங்க ஒவ்வொரு குலத்துக்கும் ஏதாவது ஒரு உயிருதான் சின்னம். பட்டினி கிடந்து செத்தாலும் அந்தக் குலத்தான் அதைத் தின்னமாட்டான். பிடிச்சு விப்பான், வாயில வைக்கமாட்டான். அப்பனுக்கு எந்தக் குலமோ, அதுதான் பிள்ளைக்கும்."

"சரி, இவர் தின்னல. பாஸ்டர் ஏன் தின்னல?"

முகாலுலா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி நின்றார்.

"ஏழு வயசுல இவன் குழி தோண்டிப் புதைச்ச அப்பன் நான்தாம்மா."