துண்டு மூடிய டிவி

டிவியின் மேல் துண்டைப் போட்டு, நாலு மூலையையும் இழுத்துவிட்ட பிறகுதான் சனத் கேசட்டை உள்ளே தள்ளினான்.

பெண்கள் பக்கத்துக் கல்யாணக் கேசட். பழைய கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றித் தரும் கடை லிபியாவின் மிஸ்ராத்தா ஊரில் அவனுடையதோடு சேர்த்து மூன்று. மூன்றிலும் ஆண்கள்தான். முக்காடு இல்லாமல் ஆடிப் பாடும் அடுத்த வீட்டுப் பெண்களை அவர்கள் பார்க்கலாமா? அதற்குத்தான் துண்டு. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஏற்ற வேண்டியது.

கேசட்டைக் கொடுத்த ஹாஜி மிலூத் துண்டோடும் விடவில்லை. சத்தியம் செய் என்று நின்றார். சனத்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எட்டிப் பார்த்தால் என் பெண்டாட்டிக்கு முத்தலாக் என்று சொல்லித் தொலைத்தான். இந்த ஊர் ஆண்களுக்கு அந்தச் சத்தியம் நாக்கு நுனியிலேயே இருக்கும். தக்காளிப் பேரத்துக்குக்கூடப் போடுவார்கள்.

குலவை, மேளம், கும்மாளம். அரை மணி நேரம் ஓடியது. கடலை மிதந்த டீயை உறிஞ்சியபடி சனத் உட்கார்ந்திருந்தான்.

திடீரென்று ஒரு பெண்குரல் அதட்டியது.

“டேய், என் பேரீச்சங்கொட்டை! பொம்பளைங்க நடுவுல உனக்கென்னடா வேலை? நீ இப்ப ஆம்பளை, வெளிய போ!”

டீ சட்டையில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை.

உலகத்திலேயே அவனைப் பேரீச்சங்கொட்டை என்று கூப்பிட்டவள் ஒருத்திதான். அவன் அம்மா. அவனுக்கு எட்டு வயதில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தவள். பெண்களைப் படம் பிடிப்பது அப்பாவுக்கு ஆகாது; வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. அந்த முகம் அவனுக்கு எப்போதோ மறந்துவிட்டது. பெற்றவளின் முகம் மறந்துபோனதை யாரிடம் சொல்வது? வெட்கக்கேடு.

அவள்தானா? வேறு யாராவது தன் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டிருந்தால்? ஆனால் மிலூத்தின் வீடு அவர்கள் முன்பு குடியிருந்த அதே தெரு. டேப்பைப் பின்னால் ஓட்டிக் கேட்டான். ஆறு தரம் கேட்டான். ஆறு தரமும் அவள்தான். ஏழாவது தரம் சந்தேகம் வந்துவிட்டது.

தாயைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவளைச் சுற்றி நாற்பது பெண்கள் நிற்பார்களே. துண்டைத் தூக்கினால் மனைவி வனீஸா போய்விடுவாள். தூக்காவிட்டால் அம்மா போய்விடுவாள்.

துண்டின் ஓரத்தைப் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்தான்.

கடைசியில் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்து, “வனீஸா!” என்று கத்தினான்.

அவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தக் கையை அப்படியே இடுப்பில் வைத்தாள்.

“போயும் போயும் ஒரு கேசட்டுக்கா என்னைப் பணயம் வச்ச? நல்ல ஆளுதான் நீ! தள்ளு. வாசலப் பாத்து நில்லு. திரும்பின, தொலைஞ்ச.”

அவன் தெருவாசலைப் பார்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் துண்டு விலகியது. டேப் ஓடியது. அம்மா அதட்டினாள்.

“அந்த அதட்டுற அம்மா எப்படி இருக்காங்க? சொல்லேன்டி!”

“அழகா இருக்காங்க,” என்றாள் மெதுவாக. “உன் மூக்குதான். பச்சைப் பட்டு. கேமராவப் பாத்து கன்னத்துல குழி விழ சிரிக்கிறாங்க.”

அன்று முழுக்க சனத் அந்தச் சிரிப்போடு அலைந்தான்.

மறுநாள் மதியம் ஹாஜி மிலூத் டிஸ்க்கும் கையுமாக வந்து நின்றார்.

“என்னப்பா இது? சத்தம் ஜோரா கேக்குது, படத்தக் காணோம். முதல்லேருந்து கடைசி வரைக்கும் புள்ளி புள்ளியா ஓடுது. எம்பொண்டாட்டி என்னை வீட்டுல சேக்க மாட்டேங்கிறா!”

சனத் மெஷினைத் திறந்து பார்த்தான். படத்தைப் படிக்கும் ஹெட் முழுக்கக் கருப்பு அழுக்கு. சத்தத்துக்குத் தனி ஹெட் என்பதால் அது மட்டும் தப்பியிருக்கிறது. டிவியைப் பார்த்திருந்தால் முதல் நிமிடமே தெரிந்திருக்கும். துண்டைப் போட்டுவிட்டல்லவா உட்கார்ந்திருந்தான்!

அப்படியானால் நேற்று டிவியிலும் புள்ளிதான் ஓடியிருக்க வேண்டும்.

வனீஸா எதைப் பார்த்தாள்? பச்சைப் பட்டு ஏது? கன்னக்குழி ஏது? அவனுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் ஸ்பிரிட்டைத் தொட்டு ஹெட்டைத் துடைத்தான். தன்னுடைய பழைய கால்பந்துக் கேசட்டைப் போட்டுப் பார்த்தான். புல் பச்சைப்பசேல் என்று வந்தது. அதை எடுத்துவிட்டு, டிவியைத் துண்டால் மூடி, மிலூத்தின் கேசட்டைப் போட்டான்.

“வனீஸா, இதை மறுபடி ஏத்தணுமாம். இன்னொரு தடவை பாத்துச் சொல்றியா?”

வேறு ஒன்றும் அவன் சொல்லவில்லை. போய் வாசலைப் பார்த்து நின்றுகொண்டான்.

துண்டு விலகியது. டேய், என் பேரீச்சங்கொட்டை. நீ இப்ப ஆம்பளை, வெளிய போ. மேளம் தொடர்ந்தது.

வனீஸாவின் மூச்சு மாறியது அவனுக்குக் கேட்டது. பிறகு பின்னாலிருந்து வந்து அவன் முதுகில் கை வைத்தாள்.

“நேத்து நான் சொன்னது தப்பு, சனத். அவங்க சிரிக்கல. நீ வெளிய போன வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.”