நாலாவது பெயர்

"லானி, எஸ்டெபான், ரூடி. காலையில உள்ளே போனது இந்த மூணு பேர். மூணு பேரும் வெளியே வந்தாச்சு. கதவை மூடலாம்," என்றாள் வெர்னா, கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தபடி.

"மூடாதீங்க," என்றான் ஆர்விட். "உள்ளே யாரோ தட்டறாங்க."

அணையின் அடித்தளம். டர்பைனுக்குத் தண்ணீர் போகும் ராட்சதக் குழாயின் இரும்புக் கதவருகே இருவரும் நின்றிருந்தார்கள். பழுது பார்க்கும் வேலை முடிந்துவிட்டது. கதவைப் பூட்டியதும் மேலே மதகைத் திறப்பார்கள். குழாய் நிரம்பிவிடும்.

டொக்... டொக்.

"குளிர் வந்தா இந்தக் குழாய் இப்படித்தான் முனகும். நீ ஆபீஸ்காரன். ஹீட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டிருப்பே."

ஆர்விட் சிரிக்கவில்லை. டேப்லெட்டில் தெரிந்த வேலைக்குறிப்புப் பக்கத்தை எக்ஸ்.எம்.எல். என்ற கணினி மொழியில் எழுதியவன் அவன்தான்.

"வெர்னா, போன வாரம் வரைக்கும் பேர்ப்பட்டியலை லிங்க்காத்தான் வெச்சிருந்தேன். பக்கத்தைத் திறக்கறப்போ எல்லாம் கன்ட்ரோல் ரூம் ஃபைல்லேர்ந்து பேரு வரும். புதுசா யார் போனாலும் தெரியும்."

"ஆமா, கிழிச்சுது. இங்க சிக்னலே கிடையாது. பேரு இருக்க வேண்டிய இடத்துல வெறும் வெள்ளைக் கட்டம். நான்தானே சண்டை போட்டு மாத்தச் சொன்னேன்?"

"மாத்திட்டேன். இப்ப பக்கம் தயாராகும்போதே பட்டியலை நகலெடுத்து அதுக்குள்ள சேர்த்துடுது. சிக்னல் வேண்டாம். ஆனா உங்க கையில இருக்கறது காலையில எடுத்த நகல். அதுக்கப்புறம் ஃபைல்ல ஒரு பேரு ஏறியிருந்தா அது இதுல வராது."

டொக்.

ஆர்விட் கதவுக்குள் எட்டிப் பார்த்தான். "அந்த மூணு பேரையும் கேட்டுடலாமே?"

"காபி குடிக்கப் போயிட்டானுங்க. கேட்டாலும் செல்லாது. முன்னே ஒருத்தன் 'எல்லாரும் வந்தாச்சு'ன்னு வாயால சொன்னான். வராதவனை மறுநாள்தான் எடுத்தாங்க. அன்னியிலேர்ந்து இங்க வாய்ப்பேச்சு கிடையாது. பட்டியல்தான் பேசணும்."

"அப்ப நானே போய்ப் பார்க்கறேன்."

"பூட்டு எங்க?"

உள்ளே போகிற ஒவ்வொருவரும் கதவுக் கொக்கியில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் போவார்கள். கடைசிப் பூட்டு கழன்ற பிறகே கதவை மூடலாம்.

"ஆபீஸ்காரனுக்கு யாரு பூட்டு குடுத்தா?" என்றான் ஆர்விட்.

வெர்னா டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "மேலே போய் ஃபைலைப் பார்க்கறேன். அப்படியே உன் பேரையும் ஏத்தறேன். நான் போன் பண்றதுக்கு முன்னாடி உள்ளே கால் வெச்சே, முட்டியை உடைப்பேன்."

சற்று நேரத்தில் சுவரில் இருந்த போன் அடித்தது.

"ஃபைல்ல வேற யாரும் இல்லை, பயந்தாங்கொள்ளி. உன் பேரு ஏறிடுச்சு. போய்ப் பார்த்துட்டு சீக்கிரம் வா."

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு நுழைந்தான். பட்டியலுக்குத் தெரியாமல் எவனாவது நுழைந்து, காலை உடைத்துக்கொண்டு கிடந்தால்? சத்தம் வந்த பக்கமாக ஈரத்தில் வழுக்கி வழுக்கி நடந்தான்.

மேலே வெர்னாவின் ஷிஃப்டு முடிந்திருந்தது. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த டெல்மரிடம் டேப்லெட்டைக் கொடுத்தாள். "பட்டியல்ல இருக்கிற அத்தனை பேரும் வெளியே நின்னா மட்டும் மூடு. ஒரு பேரு குறைஞ்சாலும் கதவைத் தொடாதே."

குழாய் வளையும் இடத்தில் ஆர்விட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆள் யாரும் இல்லை. எவனோ விட்டுப்போன சங்கிலி ஒன்று காற்றில் ஆடி இரும்பில் மோதிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றிச் சங்கிலியைக் குழாய்ச் சுவரில் இருந்த ஏணியோடு இறுக்கிக் கட்டினான். சத்தம் அடியோடு நின்றது.

கதவருகே டெல்மர் பக்கத்தைத் திறந்தான். காலையில் இருந்த அதே மூன்று பெயர்கள். மூன்று பேரும் காபிக் கோப்பையோடு எதிரில் நின்றார்கள். கொக்கியில் ஒரு பூட்டும் இல்லை. கதவைத் தள்ளிச் சாத்தினான்.

டொக் டொக் டொக் டொக்.

"என்னடா சத்தம் அது?"

"காலையிலேர்ந்தே அப்படித்தான்," என்றான் லானி. "ஏதோ சங்கிலி."

டெல்மர் சாவியைத் திருப்பிக் கதவைப் பூட்டினான்.