மண் வாத்தியார் காலி செய்கிறார்

"ஓடறார் பாரு," என்றார் டெய்லர்.

எதிர்வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. மண் வாத்தியார் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். காலேஜில் மண்ணையும் மலையையும் பற்றிப் பாடம் எடுப்பவர் என்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. தெருவுக்குப் பின்னால் நிற்கும் மலையை அவரளவுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

அந்த மலையில்தான் ஒரு வாரமாக விரிசல். மழையும் விட்டபாடில்லை.

நேற்று டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியபோது வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பேச எனக்கு அனுமதி இல்லீங்க."

அரசாங்க உத்தரவு அப்படி. காலேஜில் வேலை பார்ப்பவர்கள், எழுதுகிறவர்கள் யாரும் பத்திரிகையிலோ டிவியிலோ வாயைத் திறக்கக் கூடாது. அவரோடு வேலை பார்த்த ஒருவர், மழை வலுத்தால் இந்த மலை தாங்காது என்று திறந்தார். பீதி கிளப்பினார் என்று போன மாதம் உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. அவர் சொன்னது வதந்தி என்று வண்டி கட்டி மைக்கில் சொன்னார்கள். ஊரும் நம்பியது.

அன்றிலிருந்து வாத்தியார் வாசலில் மஃப்டியில் ஒரு போலீஸ் ஆள், பைக்கே வீடு என்று உட்கார்ந்திருக்கிறான். அவர் யாரோடு பேசினாலும் பக்கத்தில் வந்து நின்றுகொள்வான்.

டெய்லருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தாலும் கோபம் கோபம்தானே.

"வாய்க்குத்தான் பூட்டு, காலுக்கு இல்ல போலிருக்கு," என்றார் மனைவியிடம். "ஊர் எக்கேடு கெட்டா என்ன, தன் தலை தப்பினா சரி."

"அதையும் பட்டப்பகல்ல, வெக்கமில்லாம," என்றாள் அவள்.

வெட்கம் இல்லைதான். வாத்தியார் நடுத்தெருவில் நின்று, "அதை மேலே ஏத்து, இதை ஓரமா வை," என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் குரல் உயர்ந்து அந்தத் தெரு கேட்டதே இல்லை. அவர் மனைவி, காற்றடித்தால் விழுகிற உடம்பு, ஆளுயர அட்டைப் பெட்டிகளை ஒண்டியாகத் தூக்கி வந்து ஏற்றினாள்.

"பயம் வந்தா பலமும் வந்துடும் போல," என்றார் டெய்லர்.

லாரி தெருமுனை வரை போனது. எதையோ மறந்ததுபோலத் திரும்பி வந்தது. பிறகு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே மறுபடி போனது. அதற்குள் எல்லா வாசலிலும் ஆட்கள்.

பைக் ஆள் போனில் பேசிக்கொண்டிருந்தான். "வீடு மாத்தறார் சார்... இல்ல சார், யார்கிட்டயும் ஒண்ணும் பேசல... சரி சார்."

வீடு மாறக் கூடாது என்று எந்த உத்தரவும் இல்லையே.

டெய்லர் மலையைப் பார்த்தார். அதைத் தெரிந்தவரே ஓடுகிறார்.

"மெஷினை நான் தூக்கிக்கறேன்," என்றார். "நீ பிள்ளைங்களைக் கிளப்பு."

சாயங்காலத்துக்குள் தெருவே பூட்டியாகிவிட்டது. வரமாட்டேன் என்றது டெய்லரின் மச்சான் ஒருவன்தான். தெருக்கோடியில் இஸ்திரிக் கடை வைத்திருந்தான்.

"ஆபத்து ஒண்ணுமில்லன்னு டிவியில சொல்றாங்க மாமா. வாத்தியார் தன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் வர்றேன்."

மறுநாள் காலை மலை இறங்கியது. தெரு இருந்த இடத்தில் மண் இருந்தது. மச்சானை மத்தியானம் தோண்டி எடுத்தார்கள்.

தெருக்காரர்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு டெய்லர் திரும்பினார். மனைவி தம்பியை நினைத்து அழுது அழுது ஓய்ந்திருந்தாள். தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன. பக்கத்தில் வாத்தியார், அவர் மனைவி. கூடவே பைக் ஆள். வாசலில் ஒரு ஜீப்.

புது வீட்டுக்குப் போனவருக்கு இங்கே என்ன வேலை என்றெல்லாம் டெய்லர் யோசிக்கவில்லை. நேராகப் போய் நின்றார்.

"ஒரு வார்த்தை சார். அவன் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொல்லியிருந்தா வந்திருப்பான்."

வாத்தியார் பைக் ஆளைப் பார்த்தார்.

"உங்க தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு இல்ல? அது போதும் உங்களுக்கு."

வந்த ஆத்திரத்தில் முன்னால் இருந்த பெட்டியை எட்டி உதைத்தார். கால்தான் உடையும் என்று நினைத்தார். பெட்டி எகிறிப்போய்ச் சுவரில் மோதி வாயைப் பிளந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

டெய்லர் இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இன்னொன்றை. எதற்கும் கனமே இல்லை.

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பைக் ஆள் அவர் தோளில் கை வைத்தான். "பேசக் கூடாது சார். தெருவையே எதுக்குக் கிளப்பி விட்டீங்கன்னு அங்கே வந்து பெரியவங்ககிட்ட சொல்லுங்க."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, பிளந்துகிடந்த பெட்டியை எடுத்து வைத்தாள்.

"சாமான் எல்லாம் அந்த மண்ணுக்குள்ளதான் கிடக்கு அண்ணே," என்றாள். "மூட்டை கட்ட ரெண்டு நாளாகும்னு சொன்னேன். மலை அதுவரைக்கும் தாங்காது, உள்ளே ஒண்ணும் வைக்க வேணாம், நாலு பேர் கண்ணுல பட்டா போதும்னுட்டார்."