பளிங்கு மாதிரிப் படம்

கெலிஓயாவில் இருந்த ரஸீனின் வீடியோ கேம் கடைக்கு றொட்னியும் அவர் மனைவி ஷிரோமியும் கைகோத்தபடி வந்தார்கள்.

“பழைய மெஷின்ல கார் ரேஸ் ஓட்டுறப்ப இவ வளைவுக்கு வளைவு மோதிக்கிட்டே இருந்தா. மனசு வெறுத்து இப்ப தொடுறதே இல்ல,” என்றார் றொட்னி. “புதுசுலயாவது ஓட்டுவாளான்னு பாக்கணும்.”

“இதுல படம் பளிங்கு மாதிரி இரிக்கி, சேர். கண்ணாடியில விழுற மழைத்துளி கூடத் தெரியும்,” என்றான் ரஸீன், புது மெஷினைப் போட்டுக் காட்டியபடி.

“சத்தம் எப்படி, தம்பி?” என்று கேட்டாள் ஷிரோமி.

ரஸீன் சிரித்தான். “சத்தத்துக்கா அன்ட்டி ரேஸ் வாங்குற? சல்லி கட்டினா புதுக் கார்களும் எடுக்கேலும். எல்லா நிறத்திலயும் இரிக்கி.”

“நிறம் வேணாம். வளைவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்ல சத்தம் கேக்குமா?”

“கேக்கும். நீங்களே ஓட்டிப் பாருங்க,” என்று கன்ட்ரோலரை நீட்டினான்.

அவள் கை வெறுங்காற்றைத் துழாவியது. அப்போதுதான் அவளுக்குக் கண் தெரியாது என்பது ரஸீனுக்குப் புரிந்தது.

கன்ட்ரோலரை அவள் கைகளுக்குள் மெல்ல வைத்தான். தெருச் சத்தம் வராமல் கதவைச் சாத்தினான். மின்விசிறியையும் நிறுத்தினான்.

“இப்ப வடிவாக் கேக்குதா, அன்ட்டி?”

“கேக்குது தம்பி,” என்றாள் ஷிரோமி. “கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. நான் வேகமா வர்றேன்.”