நாலாவது பத்திரம்

"இதுக்கு ஓம் எண்டு எழுது," என்று செலஸ்ரீனா ஒரு கடிதத்தைக் கிளறாவின் பக்கம் தள்ளினாள்.

மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. இரண்டு சின்னக் கல்லூரிகள். இலக்கியம், வரலாறு, தத்துவம் என்று எல்லாவற்றையும் கலந்து படிப்பிக்கிற இடங்கள். ஒன்றில் இருநூறு பிள்ளைகள், மற்றதில் அதுவும் இல்லை. இரண்டுமே கிளறாவை எடுத்திருந்தன. இரண்டுமே முழுச் செலவையும் ஏற்றிருந்தன. எதற்கு ஓம் என்பது நாளைக் காலைத் தபாலில் போயாக வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம், வீட்டுவேலைக்காரருக்கு அரைநாள் ஓய்வு. ஜன்னலுக்குக் கீழே பலெர்மோவின் கபோ சந்தையில் மீன்பெட்டிகளைக் கழுவுகிற சத்தம்.

"நான் மற்றதுக்குப் போறன்," என்றாள் கிளறா.

"உனக்கென்ன விசரோ? அந்த வாசல்காரன்ரை மூஞ்சையை நாலு வருசம் பாக்கப் போறியோ?"

அந்த மூஞ்சை மறக்கக்கூடிய மூஞ்சையா! அந்த வருடம், தொண்ணூற்றேழில், ஈஸ்டர் முடிந்த கையோடு, வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவிடம் கெஞ்சி மூன்று நாள் லீவு எடுத்து, இரண்டு கல்லூரிகளையும் நேரில் பார்க்க இருவரும் ரயிலேறிப் போயிருந்தார்கள். முதல் கல்லூரியின் வாசலில் செலஸ்ரீனா, கோயிலுக்கு மட்டும் கட்டுகிற பச்சைப் பட்டுச்சேலையில் நின்றாள். வாசல்காரன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துப்புரவுக்காரர் வருகிற வழி பின்னாலே என்று கையைக் காட்டினான்.

அவன் காட்டியதுகூடப் பெரிதில்லை. செலஸ்ரீனாவின் கால்கள் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பின. அதுதான் இன்றைக்கும் கிளறாவின் நெஞ்சில் கிடந்து எரிந்தது.

மற்றது மலையில் இருந்தது, கன்னியாஸ்திரிகளின் கல்லூரி. நூலகத்துச் சிஸ்டர் ஒருத்தி, கடைசியாக என்ன வாசித்தாய் என்று கேட்டு, கிளறா சொன்ன கருத்தை ஒப்புக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் சண்டை பிடித்தாள். அவளை ஒரு ஆளாக மதித்து யாரும் அதுவரை அப்படிச் சண்டை பிடித்ததில்லை. அதற்குள் செலஸ்ரீனா ஜன்னலோரக் கதிரையில் தூங்கிப்போயிருந்தாள். யாரும் எழுப்பவில்லை. வெயில் முகத்தில் விழாமல் திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பும்வரை கிளறா அந்த நூலகத்தைப் பற்றியே கதைத்தாள். இப்போது மாற்றிச் சொன்னால் யார் நம்புவது?

"மலையிலை சாப்பாடு சரியில்லை."

"ரெண்டு தரம் வாங்கித் திண்டாய்!"

"விடிய அஞ்சு மணிக்கே மணி அடிக்கினம். நித்திரை கொள்ளேலாது."

"ஓமோம், கோயில் வளவுக்கை வளந்த மகாராணிக்கு மணிச் சத்தம் குத்துதாக்கும்!"

செலஸ்ரீனா மலைக் கல்லூரியின் கடிதத்தைப் பறித்தாள். அவளுடைய இத்தாலியன் குசினிகளில் பழகிய இத்தாலியன். விரல் வைத்துத்தான் வாசிப்பாள். அனுப்ப வேண்டிய பத்திரங்களின் பட்டியலில் விரல் இறங்கி, நாலாவது வரியில் நின்றது. ஞானஸ்நானப் பத்திரம். ஞானஸ்நானம் பெற்ற பங்கிலேயே புதிதாக எழுதி, முத்திரை வைத்து, பங்குச் சுவாமி நேரே அனுப்ப வேண்டியது. மற்றக் கல்லூரி அதைக் கேட்கவில்லை.

"இதுக்கோ இவ்வளவு நாடகம்?" செலஸ்ரீனாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அருளையா சுவாமிக்கு இப்பவே எழுதிறன். உனக்கு ஞானஸ்நானம் குடுத்தவரே அவர்தானே, பிள்ளை. நீ கம்பஸுக்குப் போறாய் எண்டால் மனிசன் துள்ளிக் குதிப்பார்."

கிளறா அவள் முகத்தையே பார்த்தாள். இப்போது நினைவு வரும், இதோ வரும் என்று பார்த்தாள்.

வரவில்லை. செலஸ்ரீனா விமானத் தபால் தாள் தேடி உள்ளறைக்குப் போனாள்.

மன்னாரில் அருளையா சுவாமி ஞானஸ்நானம் கொடுத்த கிளறாவை, பன்னிரண்டு வயதில் அவரே அடக்கமும் செய்தார். காய்ச்சல். இத்தாலி விசா கைக்கு வந்து ஒன்பதாம் நாள். பெற்றவள் செலஸ்ரீனா பலெர்மோவில் யாருடைய வீட்டு நிலத்தையோ துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் சவப்பெட்டியையும் அவள் காணவில்லை, குழியையும் காணவில்லை. அந்த விசாவை வீணாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. செலஸ்ரீனாவின் தமக்கை மகள் யோசப்பினுக்கும் அதே வயது, கிட்டத்தட்ட அதே முகம்.

விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிள்ளை வாய்தவறிச் சின்னம்மா என்றது. "அம்மா எண்டு சொல்லு, பொலிஸ் நிக்குது," என்று செலஸ்ரீனா காதுக்குள் சொன்னாள்.

பொலிஸ் போய் ஆறு வருடமாகிறது.

பத்திரம் கேட்டுப் போகிற கடிதத்துக்குச் சுவாமி பதில் எழுதுவார். செத்த பிள்ளைக்கு இப்போது எதற்கு ஞானஸ்நானப் பத்திரம் என்று, இந்தப் பொய் தெரியாத அந்த மனிதர் கேட்பார். அதை செலஸ்ரீனா விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பாள்.

"பிள்ளை, சுவாமிக்கு என்னெண்டு தொடங்க?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

யோசப்பின், அந்த வாசல்காரனின் கல்லூரிக் கடிதத்தை இழுத்தாள். ஓம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, கிளறா என்று கையெழுத்து வைத்தாள்.

"எழுதாதேங்கோ அம்மா," என்றாள். "மலை எனக்குக் குளிரும்."