பிரேமாவைக் கொன்றது யார்?

"பிரேமாவைக் கொன்னுட்டாங்கய்யா!"

குருவம்மாள் போட்ட சத்தத்தில், சப்-இன்ஸ்பெக்டர் காசிமாயன் டீ டம்ளரை வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடினார். அவள் பின்னால் முப்பது பெண்கள். போடியில் ஒரே கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவர்கள். ஸ்டேஷனே மணத்தது.

"எங்கே? எப்போ?"

"நேத்து மேட்னி ஆட்டத்துலய்யா. கடைசி ரீலு."

தொப்பி மறுபடி ஆணிக்குப் போனது.

விஷயம் இதுதான். ஒரு வாரப் பத்திரிகையில் நாற்பத்திரண்டு வாரம் வந்த தொடர்கதை இப்போது படமாகி, ஊர் எல்லையில் உள்ள கீற்றுக் கொட்டகையில் ஓடுகிறது. அந்தக் கதையின் நாயகிதான் பிரேமா. வாராவாரம் கிட்டங்கியில் அவர்களில் ஒருத்தியான வீரலட்சுமி கதையை வாசிப்பாள், மற்றவர்கள் காய் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிறவளின் வேலை நிற்கக் கூடாதே என்று, பொறுக்கிய காயில் ஆளுக்கு ஒரு பிடியை அவள் முறத்தில் போட்டுவிடுவார்கள். அந்த மரியாதை கிட்டங்கியில் வேறு யாருக்கும் கிடையாது.

பிரேமாவுக்குத் தலைப்பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தவள் மூக்கம்மாள். படத்திலோ பிரேமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கதையில் அவளைக் கட்டிக்கொண்ட தங்கமான ஜீப் டிரைவர், படத்தில் நகைத் திருடன். கதையில் அருவியில் குளித்துவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்த பிரேமா, படத்தில் அதே அருவியில் விழுந்து செத்துப்போனாள். போதாததற்கு, பிரேமாவாக நடித்தவளுக்கு மூக்கு வேறு சரியில்லை.

"பத்திரிகையிலயும் இப்படித்தாம்மா வந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தார் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஓசி டிக்கெட்டில் பார்த்தவர் வேறு எப்படிப் பேசுவார் என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். பிறகு டிக்கெட் கவுண்டர் முன்னால் முப்பத்தொரு பேரும் உட்கார்ந்ததில் சாயங்கால ஆட்டம் நின்றுபோனது.

பெண்களோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்த கொட்டகை மேனேஜர் திருப்பதி அழாத குறையாக நின்றிருந்தார். "அய்யா, பெட்டியில வந்த படத்த ஓட்டுறதுதான் என் சோலி. இன்னைக்கும் ஆட்டம் நின்னா மொதலாளி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு. நாலு பிள்ளைகளை வச்சிருக்கேன்."

"கதை உங்ககிட்ட இருக்கா?" என்று பெண்களைக் கேட்டார் காசிமாயன். "ரெண்டையும் ஒத்துப் பாத்துருவோம்."

"வாராவாரம் வெட்டியெடுத்து, கோணி ஊசியால நாங்களே தச்சு வச்சிருந்தோம்யா. நேத்து வரைக்கும் கிட்டங்கித் தகரப்பெட்டியில இருந்துச்சு. இன்னைக்குக் காலையில காணோம்!" என்ற குருவம்மாள், திருப்பதியை நோக்கிக் கையை நீட்டினாள். "நேத்து ஆட்டம் நின்ன பெறகு கிட்டங்கி வாசல்ல வந்து நின்னு, புத்தகம் எங்க இருக்குன்னு கேட்டது இந்தாளுதான்."

"ஒத்துப் பாக்கத்தான் தாயி கேட்டேன்!"

"அப்படிக் கேட்ட மறுநாள் எப்படிக் காணாமப் போகும்?" என்றார் காசிமாயன்.

ஏட்டு கண்ணுச்சாமி சைக்கிளில் போய்க் கொட்டகையைக் குடைந்துவிட்டு வந்தார். பழைய போஸ்டரும் இரண்டு கட்டு பீடியும்தான் கிடைத்தன. அதற்குள் எரித்திருப்பான் என்றார்கள் பெண்கள். புத்தகம் கிடைக்கிறவரை திருப்பதியை ஸ்டேஷனிலேயே உட்காரச் சொல்லிவிட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

வீரலட்சுமி மட்டும் வயர்கூடையை மடியில் அணைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தாள். "போனது போகட்டும் மதினி. வெரசா வாங்க, சோலியப் பாப்போம்."

"நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கலய்யா இவ. பெத்த பிள்ளையப் பறிகுடுத்த மாதிரி இருக்கா" என்று குருவம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

ஏட்டு இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி முடித்தார். "கையெழுத்துப் போடுங்க."

"நாங்கள்லாம் கைநாட்டு. ஏடி வீரலட்சுமி, நீ மொதல்ல போடு. எழுத்தப் பாத்து இந்தாளு மெரளட்டும்."

வீரலட்சுமி எழுந்து வந்தாள். பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள், மூடினாள். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றினாள்.

ஏட்டு பேனாவையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாப்பத்திரண்டு வாரம் வாசிச்சது?" என்றார் காசிமாயன்.

வயர்கூடையில் தூக்குவாளிக்கு அடியிலிருந்து, கோணி ஊசியால் தைத்த புத்தகம் வெளியே வந்தது.

"கதைக்குப் பக்கத்துல வரஞ்சிருக்க பொம்மையப் பாத்துத்தான்யா சொன்னேன். மொத வாரம் சும்மா விளையாட்டுக்கு வாசிச்சேன். ஆளுக்கு ஒரு பிடி காய் போட்டாங்க. அப்புறம் எப்படிய்யா உண்மையச் சொல்லுவேன்? ஒத்துப் பாத்துருவீகன்னுதான் எடுத்து ஒளிச்சேன்."

காசிமாயன் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தார். பிரேமா அருவியில் விழுந்தாள். ஜீப் டிரைவரின் பையில் அவள் நகை இருந்தது. எழுத்துக்கு எழுத்து படம்தான். திருப்பதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அந்தப் பொம்மையில அவ குளிக்கிறான்னுதாம்மா நெனச்சேன்" என்று தேம்பினாள் வீரலட்சுமி. இனி கிட்டங்கியில் தன் முகத்தில் யார் விழிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

குருவம்மாள் எழுந்து கொண்டையை இறுக்கி முடிந்தாள். அடி விழப்போகிறது என்று ஏட்டு குறுக்கே வந்தார். அவளோ தன் முந்தானையால் வீரலட்சுமியின் விரல் மையைத் துடைத்துவிட்டு, ஏட்டு பக்கம் திரும்பினாள்.

"ஏட்டய்யா, தேட்டர்க்காரர் பேர அடிச்சிட்டு, பத்திரிகையில எழுதுனவன் பேரப் போடுங்க. அந்தப் பயதான் எங்க கதைய மாத்தி எழுதியிருக்கான்!"