இரண்டு சிட்டிகை

இருபத்து மூன்றாவது புழுவை இடுக்கியால் இழுத்தபோது அது பாதியில் அறுந்தது.

மறுபாதி மீன் தொட்டியின் பவளப் பாறைக்குள் போய்விட்டது. அதுவும் ஒரு முழுப் புழுவாக வளருமாம்.

அவள் முழங்காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள். விடிகாலை மணி ஐந்துதான்.

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தாள். வெள்ளை வெளிச்சம் பட்டால் புழுக்கள் ஒளிந்துகொள்ளும். ஆறு மணிக்குத் தொட்டியின் விளக்கு தானாக எரியும். அதற்குப் பிறகு ஒன்றும் வெளியே வராது.

பத்து மணிக்குத் தொட்டியை வாங்க ஒருவர் வருகிறார். புழு இருந்தால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார்கள். அவள் கணவன் தன் அண்ணன் வீட்டுக்கு. அவள் விடுதிக்கு. கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாம் பிரித்தாயிற்று.

கண்ணாடிக்குள் இருக்கும் நாலடிக் கடலை யார் பங்கில் வைப்பது?

கல்யாணமான வருஷம் வாங்கியது. முதல் பவளம் விரிவதைப் பார்க்க இருவரும் லீவு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு அது விரியவில்லை. பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பேச்சு நின்று மூன்று மாதம் ஆகிறது. அவள் எழுந்திருப்பதற்குள் அவன் கம்பெனி வேனில் ஏறிப் போயிருப்பான். அவள் படுத்த பிறகுதான் வருவான்.

சாயங்காலம் வந்ததும் அவள்தான் மீன்களுக்கு ஒரு சிட்டிகை தீனி போடுவாள். அவை இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. அதற்கென்று அவன்மேல் அவளுக்குத் தனியாக ஒரு கோபம் இருந்தது.

நேற்று கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் புழுவுக்கு மருந்து கேட்டாள்.

"மருந்து எதுக்கு மேடம்? தீனி மிச்சம் விழுந்தா இது வரும். டெய்லி பந்தி போடறீங்க போல!"

ஒரு சிட்டிகைதான் என்றாள். அவர் நம்பவில்லை.

கையுறையில் எப்போதோ ஓட்டை விழுந்திருந்தது. விரல் நுனிகளில் புழுவின் முட்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. எரிந்தன.

அறைக் கதவு திறந்தது.

டார்ச்சை அணைத்தாள். ஏன் என்று தெரியவில்லை.

சட்டைப் பொத்தான்களைப் போட்டபடி அவன் வந்தான். தொட்டியின் மறுபுறம் அவள் இருப்பதைக் கவனிக்கவில்லை. போன் வெளிச்சத்தில், பழைய பேப்பர் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான்.

அவள் வாங்காத டப்பா.

ஒரு சிட்டிகை போட்டான். நகத்தால் கண்ணாடியை இரண்டு முறை தட்டினான்.

ஆரஞ்சு மீன்கள் இரண்டும் உடனே மேலே வந்தன. அவனுக்காகக் காத்திருந்தவை போல.

அவள் கையிலிருந்த இடுக்கி விழுந்தது.

போன் வெளிச்சம் தண்ணீரைக் கடந்து வந்து அவள் முகத்தில் நின்றது.

"நீ எதுவும் போடறதில்லைனு நெனச்சேன்," என்றான்.

மூன்று மாதத்தில் முதல் வாக்கியம்.

பக்கத்திலிருந்த வாளியை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

இருபத்திரண்டு புழுக்கள். ஒரு பாதி.

அவன் வாளியைப் பார்த்தான். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். ஓட்டைக் கையுறையைக் கழற்றி அவள் விரல்களை உதறுவதைப் பார்த்தான்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து செலோடேப்பை எடுத்து வந்து அவளெதிரில் தரையில் உட்கார்ந்தான். கையை நீட்டு என்று சொல்லவில்லை. அவள் நீட்டினாள்.

ஒரு துண்டு கிழித்தான். விரல் நுனியில் ஒட்டினான். மெல்ல உரித்தான். டேப்பில் வெள்ளை மயிர்போல முட்கள் வந்தன.

அடுத்த விரல்.

கீழே கம்பெனி வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது முறை. பிறகு போய்விட்டது.

"நாளைலேர்ந்து யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்," என்றாள்.

தொட்டியில் நீல விளக்கு எரிந்தது. பாறையின் ஓட்டைகளுக்குள் மிச்சப் புழுக்கள் இழுத்துக்கொண்டன.

"யாரு?" என்றான், இன்னொரு துண்டைக் கிழித்தபடி.